பால் குடித்து நாற்பது கிராம் குறைந்த குழந்தை

என் மனைவியின் தாய்ப்பாலை நான் ஒருமுறை பட்டு நிறுக்கும் தராசில் எடை போட்டுப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இருபத்தைந்து வருடம் ஓடிவிட்டது. இப்போது நினைத்தாலும் எனக்குக் காது மடல் சூடாகிறது. (இதை எழுதப் போகிறேன் என்றதும் சரோஜா, "எழுதுங்க. ஆனா ஒண்ணத்தையும் மறைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். ஆகவே மறைக்கவில்லை.)

நான் அதிகம் பேசாதவன். எட்டாவது வரை படித்தேன். அந்த எட்டு வருடத்தில் வகுப்பில் நானாக வாய் திறந்து பேசியது "உள்ளேன் ஐயா" மட்டும்தான். அதுவும் பல நாள் வாத்தியார் காதில் விழாமல், வந்தும் வராதவன் ஆகியிருக்கிறேன். பிறகு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தேன். தறிக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்பதால் அது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

கல்யாணம் ஆகி, மகள் பிறந்தாள். பூங்கொடி என்று பெயர் வைத்தோம். பிரசவம் சரோஜாவின் தாய்வீடான ஐயம்பேட்டையில். மூன்றாம் மாதம் தாயும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். வந்த அன்றே என் அக்கா குழந்தையைக் கையில் வாங்கினாள், மேலும் கீழும் ஒரு தூக்குத் தூக்கிப் பார்த்தாள், முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாடா இது, பஞ்சு மாதிரி இருக்குது?"

அக்கா பக்கத்து வீட்டில்தான் வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகளைப் பெற்றவள். மூன்று பேரும் சின்ன வயதில் ஆளுக்கொரு அம்மிக்கல் கனம் இருந்தார்கள். ஆகவே எங்கள் தெருவில் குழந்தை எடை விஷயத்தில் அவள் சொன்னதுதான் தீர்ப்பு. போதாததற்கு எதிர் வீட்டில் ஒரு குழந்தை. பூங்கொடிக்குப் பத்து நாள் இளையது. டப்பாப் பால் குடித்து, நாள்காட்டியில் சிரிக்கும் பாப்பா மாதிரி கன்னமும் தொடையும் மடிப்பு மடிப்பாக இருக்கும். அக்கா அந்தக் குழந்தையைத் தினமும் தூக்கிக்கொண்டுவந்து எங்கள் பூங்கொடி பக்கத்தில் படுக்க வைப்பாள். எங்கள் மகள் அதன் நிழல் மாதிரி தெரிவாள்.

"கொடின்னு பேர் வெச்சா கொடியாத்தான் இருக்கும்" என்று பெயரையும் விட்டுவைக்கவில்லை.

நகராட்சித் தாய் சேய் நிலையத்து நர்சம்மாவிடம் காட்டினோம். அவர் நிறுத்துப் பார்த்துவிட்டு, "மெதுவா ஏறுது. ஆனா ஏறுதுமா. கொழந்த சுறுசுறுப்பா இருக்குது. அது கேக்கறப்போல்லாம் பால் குடு, போதும். அடுத்த மாசமும் கொண்டா" என்றார். நான் நிம்மதியானேன். அக்கா ஆகவில்லை.

"அந்தம்மாவுக்கு இன்னாடா தெரியும்? இன்னும் கல்யாணமே ஆவல. ஏய் சரோஜா, உனக்குப் பால் பத்தல. ஒத்துக்கினா இன்னா கொறஞ்சா போயிடுவ?"

"பத்தாம இல்ல அண்ணி. குடிச்சிட்டு நல்லாத்தான் தூங்குது."

"பசி மயக்கத்துல தூங்குது."

சரோஜா பூண்டை உரித்து உரித்துத் தின்பாள். பால் ஊறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எங்கள் வீடு முழுக்கப் பூண்டு மணம். நான் நெய்த சேலையைக் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்த பெண்கள் என்ன நினைத்தார்களோ, தெரியாது.

ஒரு புதன்கிழமை அக்கா மெட்ராஸிலிருந்து ஒரு பால் பவுடர் டின்னை வரவழைத்துவிட்டாள். எதிர் வீட்டுக்காரர்களுக்கும் அது அங்கிருந்துதான் வரும். எங்கள் வீட்டு மாடத்தில், சாமி படத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். "வெள்ளிக்கெழமை நல்ல நாள். கலக்கிக் குடுத்துடலாம்" என்றாள்.

அவள் போன பிறகு சரோஜா என் தறிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அந்த டின்னத் தொறந்தா, நான் கொழந்தையத் தூக்கிக்கினு ஐயம்பேட்டைக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன். என் பால் ஆவாதுன்னா நானும் ஆவாதவதான்."

வேறொரு ஆண்பிள்ளையாக இருந்தால் அக்காவிடம் போய், "நீ கம்முனு இரு" என்றோ, மனைவியிடம், "நீ கவலப்படாத" என்றோ ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். நான் தலையை மட்டும் ஆட்டினேன். இருவருக்கும் ஒரே மாதிரி ஆட்டினேன். ஆனால் தறிக்குழியில் காலை விட்டு மிதித்துக்கொண்டே இரண்டு நாள் யோசித்தேன். வியாழக்கிழமை மாலை எனக்கு ஞானம் பிறந்தது.

எங்கள் தொழிலில் எல்லாமே எடைதான். முதலாளி பட்டு நூலையும் ஜரிகையையும் நிறுத்துத்தான் கொடுப்பார். நெய்து முடித்த சேலையை நிறுத்துத்தான் வாங்குவார். போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று தராசு சொல்லிவிடும். அப்படியானால் பால் குடிப்பதற்கு முன்னால் குழந்தைக்கு ஒரு எடை, குடித்த பின்னால் ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தானே உள்ளே போன பால்! நான் பேச வேண்டியதே இல்லை. தராசு பேசிவிடும்.

இதைச் சரோஜாவிடம் சொன்னேன். "நான் இன்னா பட்டா, நிறுக்கறதுக்கு?" என்று முறைத்தாள். பிறகு கொஞ்ச நேரம் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, நிறுங்க. உங்க அக்காவையும் கூப்புடுங்க. ஏறிச்சின்னா அந்த டின்னு இந்த ஊட்ல இருக்கக் கூடாது."

"ஏறலன்னா?" என்றாள் அக்கா, எங்கிருந்தோ.

"ஏறலன்னா நானே கலக்கிக் குடுக்கறேன் அண்ணி."

வெள்ளிக்கிழமை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வீட்டுக் கூடத்தில் ஆள் இருக்காது என்று கணக்குப் போட்டுத்தான் சரோஜாவையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். முகூர்த்த மாதம் என்பதை மறந்துவிட்டேன். உள்ளே நுழைந்தால் சேலை கொடுக்க வந்த நெசவாளிகள் பத்துப் பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பாயில், கல்யாணச் சேலை எடுக்க வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று. அவர்களுக்கு முன்னால் முதலாளி சேலைகளை விரித்துப் போட்டிருந்தார்.

நான் வந்த வழியே திரும்பினேன். அக்கா வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"முதலாளி, ஒரு சின்ன எடை போடணும்" என்றாள் என் தலைக்கு மேலாக.

"இன்னா எடை?"

"இவன் பொண்ணு."

பாயில் உட்கார்ந்திருந்த வெளியூர் அம்மாள், "ஏங்க, இந்த ஊர்ல கொழந்தையக் கூட எடை போட்டுத்தான் குடுப்பாங்களா?" என்று கணவரிடம் கேட்டார்.

முதலாளி என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேறு வழியில்லாமல் வாய் திறந்தேன். முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை, நடுவில் பால் என்று தரையைப் பார்த்துச் சொல்லி முடித்தேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். நிமிர்ந்தால், சுவரோரம் இருந்த அத்தனை பேரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பலே!" என்றார் ஏகாம்பரம் அண்ணன். அவர் எங்கள் தெருவின் மூத்த நெசவாளி, வாய்க்குப் பேர் போனவர். "இத்தன நாளா இந்த மூளைய எங்கடா வெச்சிருந்த?"

முதலாளிக்கும் ஒரு உற்சாகம். தன் தராசின் பெருமையை வெளியூர்க்காரர்களுக்குக் காட்ட ஒரு வாய்ப்பு. "வையி. என் தராசு ஒரு முடி விழுந்தாலும் காட்டும்" என்று எழுந்தார்.

உத்தரத்திலிருந்து தொங்கும் பெரிய தராசு அது. தாம்பாளம் போல இரண்டு பித்தளைத் தட்டுகள். பூங்கொடியை ஒரு பச்சைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தோம். அப்படியே தட்டில் வைத்தேன். பித்தளை சில்லென்று பட்டதோ என்னவோ, அலறினாள். என் தோள் துண்டைத் தட்டில் மடித்துப் போட்டேன்.

"அப்போ துண்டு எடை?" என்றார் ஒருவர்.

அது நியாயமான கேள்வி. எதிர்த் தட்டில் போட அதே கனத்தில் ஒரு துண்டு வேண்டும். பத்துப் பேரும் தங்கள் துண்டை உருவினார்கள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, ஏழாவது துண்டில் முள் நேராக நின்றது. (ஏகாம்பரம் அண்ணன் துண்டு அதிகக் கனம். "வேர்வை" என்று விளக்கம் சொன்னார்.) பிறகு மகளை வைத்தால் அவள் காலை உதைக்கிறாள், முள் ஆடுகிறது. ஒருவர் சாவிக்கொத்தை ஆட்டினார், ஒருவர் விசில் அடித்தார், வெளியூர் அம்மாள் ஜரிகை முந்தானையை எடுத்து ஆட்டினார். பூங்கொடி அதைப் பார்த்து அசையாமல் கிடந்தாள். பட்டு நெசவாளி மகள் அல்லவா!

"நாலு கிலோ நூத்தி அம்பது" என்று முதலாளி அறிவித்தார்.

சரோஜா குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். முதலாளியம்மா கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே காத்திருந்தோம். எவ்வளவு ஏறும் என்று பேச்சு நடந்தது. ஐம்பது கிராம் என்றார் ஒருவர். நூறு என்றார் ஒருவர். வெளியூர்க்காரர் கூட, "எங்க ஊட்லயா இருந்தா நூத்தி இருவது" என்று பெருமையாகச் சொல்லி, மனைவியிடம் முறைப்பு வாங்கினார். நான் யோசனை சொன்னவன் என்பதால் எனக்கு ஒரு டம்ளர் காப்பி வந்தது. அந்தக் கால் மணி நேரம்தான் நான் காஞ்சிபுரத்தில் பெரிய மனிதனாக வாழ்ந்த நேரம்.

கதவு திறந்தது. சரோஜா வந்தாள். முகத்தில் நல்ல தெளிவு. குழந்தை உதட்டில் பால் பளபளக்க, பாதிக் கண்ணை மூடிக் கிடந்தது. தட்டில் வைத்தோம். அதே எடைக்கல்லை எதிரில் வைத்தார் முதலாளி.

கல் வைத்த தட்டு கீழே போனது. மகள் மேலே வந்தாள்.

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கல்லை எடுத்து, இன்னொன்றை வைத்து, சரிசெய்து பார்த்தார். பிறகு யாரோ செத்துப்போன செய்தி மாதிரி மெல்லச் சொன்னார்.

"நாலு கிலோ நூத்திப் பத்து. நாப்பது கிராம் கொறஞ்சிருக்குது."

ஏகாம்பரம் அண்ணன் தொண்டையைக் கனைத்தார். "ஏம்பா, கொழந்தைதான் அவுங்க அம்மாவுக்குப் பால் குடுத்துட்டுதா?"

கூடம் அதிர்ந்தது. வெளியூர் அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நான் சொன்னப்போ யாரு கேட்டீங்க? பாத்துக்கோ சரோஜா. குடிக்கவே இல்ல. சும்மா சப்பியிருக்குது" என்றாள்.

சரோஜா என்னைத்தான் பார்த்தாள். கூட்டத்தை அல்ல, அக்காவை அல்ல. அவளோடு சேர்ந்து நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் அது. அதுவரை சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அதற்குத்தான் உதவியிருக்க வேண்டும். நான் வாயைத் திறந்து சொன்னது இது:

"தராசு பொய் சொல்லாது சரோஜா."

(இந்த இடத்தை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். மறைக்கக் கூடாது என்று உத்தரவு.)

அவள் அழப் போகிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். குனிந்து குழந்தையைத் தட்டிலிருந்து எடுக்கப் போனவள், கையை நீட்டியபடி அப்படியே நின்றாள். குழந்தையின் இடுப்பைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி குழந்தையின் இடுப்பைப் பார்த்தாள். விறுவிறுவென்று உள்ளே போனாள்.

"ஐயம்பேட்டைக்குக் கெளம்பிட்டா" என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது இரண்டு விரலால் ஒரு துணிச் சுருளைத் தொங்கவிட்டுப் பிடித்திருந்தாள். பச்சைத் துணி. அதிலிருந்து சொட்டியது. பின்னாலேயே முதலாளியம்மா, "ஐயோ, நான்தாம்மா மாத்தினேன். பால் குடிக்கசொல்லோ ஈரம் பண்ணிடுச்சி, அப்பறம் வெளிக்கும் போயிடுச்சி. பச்சப்புள்ள ஈரத்துல கெடக்குதேன்னு எங்க ஊட்டு மெல்லுசு வெள்ளத் துணியக் கட்டினேன்" என்று ஓடிவந்தார்.

சரோஜா அந்தச் சுருளை நேராகத் தட்டுக்குக் கொண்டுபோனாள்.

"தட்டு! என் தட்டு!" என்று முதலாளி அலறினார். ஒருவர் பழைய பேப்பரை விரித்தார். இன்னொருவர் எதிர்த் தட்டிலும் ஒரு பேப்பர் போட்டார். (எங்கள் ஆட்கள் எந்த நிலையிலும் எடையில் தவற மாட்டார்கள், என்னைத் தவிர.) சரோஜா குழந்தையின் இடுப்பிலிருந்த மெல்லிசுத் துணியை உருவிப்போட்டுவிட்டு, கால்மாட்டில் பச்சைத் துணியைப் பொத்தென்று வைத்தாள். மகள் இருந்த தட்டு கீழே இறங்கியது. முதலாளி கல்லைச் சேர்த்தார், மறுபடி சேர்த்தார்.

"நாலு கிலோ எரநூத்தி அம்பது."

நூறு கிராம் ஏறியிருந்தது.

சரோஜா என் பக்கம் திரும்பினாள். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள். அந்த மெதுவுதான் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"நீங்க பொடவ குடுக்க வர்றப்போ, தறியில அறுந்து வுழுந்த துண்டு நூலையெல்லாம் பையில போட்டுக் கொண்டாந்து கூட வெச்சித்தான நிறுப்பீங்க? ஊட்லயே வெச்சிட்டு வந்து, தராசு பொய் சொல்லாதும்பீங்களா?"

அது எங்கள் தொழிலின் முதல் பாடம். சேலையை மட்டும் நிறுத்தால் எடை குறையத்தான் செய்யும். உதிர்ந்த நூலையும் உடன் வைத்தால்தான் கொடுத்ததும் வந்ததும் நேராகும். பத்து வயதுப் பையனுக்கும் இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆயிரம் இழையில் ஒரு இழை நிறம் மாறினாலும் கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கொரு கர்வம் உண்டு. அப்படிப்பட்டவன் கண் முன்னால்தான் என் மகள் பச்சைத் துணியில் உள்ளே போய் வெள்ளைத் துணியில் வெளியே வந்திருக்கிறாள்.

சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. முதலாளிக்குக் கண்ணில் தண்ணீர். "என்கிட்ட விரல் நீள நூல் வுட்டுப்போனாக்கூட ஓடிப்போய் எடுத்தாருவான். பெத்த பொண்ணு விஷயத்துல வுட்டுட்டான் பாரு!" ஏகாம்பரம் அண்ணன் தன் துண்டால் எனக்கு விசிறிவிட்டார். அந்த வேர்வைத் துண்டாலேயே.

அக்கா லேசில் விடுகிறவள் அல்ல. "சரி, பால் இருக்குது. ஒத்துக்கறேன். அப்போ புள்ள ஏன் இப்படி ஒல்லியா இருக்குது?"

எல்லோரும் ஒன்றாக என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். தலையிலிருந்து கால் வரை பார்த்தார்கள். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. தறித் தூணுக்குப் பின்னால் நின்றால் என்னைத் தேட வேண்டியிருக்கும். அக்காவும் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ஆமா... இவனும் பொறந்தப்போ இப்படித்தான் இருந்தான்" என்றாள்.

வெளியூர் அம்மாள் பூங்கொடியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் உற்றுப் பார்த்த அதே முந்தானைச் சேலையையே எடுத்துக்கொண்டார். "இந்தப் பொண்ணு பாத்த பொடவ, ராசிதான்" என்றார். முதலாளிக்கு அதனால் என் மேல் கோபம் இல்லை. தட்டைப் புளி போட்டுத் தேய்க்கும் வேலையை மட்டும் என்னிடம் கொடுத்தார். இரண்டு தட்டையும்.

அடுத்த மாதம் தாய் சேய் நிலையத்தில் அக்காவே முந்திக்கொண்டு நர்சம்மாவிடம் கதை முழுவதையும் சொன்னாள். அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். குழந்தையை நிறுத்துவிட்டு, "ஏறியிருக்குது. அதோட வழியில அது ஏறுது" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு நாளைக்கு ஆறேழு துணி நல்லா நனைக்குதா? நீங்க நிறுக்காம விட்டீங்களே, அதான் பால் இருக்குதுங்கறதுக்கு அத்தாட்சி" என்றார்.

அந்த வார்த்தையைச் சரோஜா பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த அத்தாட்சிகளைத் துவைத்து உலர்த்தும் பொறுப்பு என்னுடையது. தெருக்குழாயில் உட்கார்ந்து துவைப்பேன். போகிறவர் வருகிறவரெல்லாம், "இன்னைக்கு எத்தினிபா?" என்று கேட்பார்கள். முதல் வாரம் தலையைக் குனிந்துகொண்டு விரலைக் காட்டினேன். ஒரு மாதத்தில், "எட்டு!" என்று தெருக்கோடி வரை கேட்கக் கத்தினேன். கூச்சம் எனக்கு அந்த அளவுக்குத்தான் போனது. ஆனால் போனது.

அந்த டின்னை அக்கா திருப்பி எடுத்துக்கொண்டாள். வீணாக்கக் கூடாது என்று தினம் காப்பியில் இரண்டு கரண்டி போட்டுக் குடித்தாள். டின் தீர்ந்தபோது யாருக்கு எடை ஏறியிருந்தது என்பதை நான் எழுத மாட்டேன். அவள் இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறாள்.

பூங்கொடி வளர்ந்தாள். உயரமானாள். ஒல்லியாகவே இருந்தாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "எல்லாம் சரி. பொண்ணுதான் கொஞ்சம் சதை இல்லாம..." என்று இழுத்தாள்.

நான் வழக்கம்போலத் தலையை ஆட்டத் தயாரானேன். அதற்குள் என் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"எடையப் பத்தி எங்ககிட்ட பேசாதீங்கமா. ஊரு கூடி, பட்டுத் தராசுல நிறுத்து ஒத்துக்கின பொண்ணு இது!"

அதோடு விட்டாளா? முதலிலிருந்து ஆரம்பித்தாள். துண்டு, சாவிக்கொத்து, பச்சைத் துணி, நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் சொன்னாள். சரோஜா நடுநடுவே விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தாள். நான் சம்பந்தி ஆகப்போகிறவர்களுக்கு முன்னால் விரித்த பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன். கதை முடிந்தபோது மாப்பிள்ளைப் பையன் சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தான். பூங்கொடிதான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கல்யாணம் அந்தத் தண்ணீரிலேயே முடிவாகிவிட்டது.

இப்போது அவர்கள் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ வந்தால் ஒன்று தவறாமல் நடக்கும். சாப்பாட்டுப் பந்தி முடியும் நேரத்தில் மாப்பிள்ளை இலையிலிருந்து நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்பார்: "மாமா, நம்ம பூங்கொடிக்கு அன்னைக்குக் கொறஞ்ச அந்த நாப்பது கிராம் இன்னும் வந்து சேரலீங்களே?"

சரோஜா அதற்காகவே அடுப்பங்கரைக் கதவில் காத்திருப்பாள். சிரித்துக்கொண்டே வந்து, அவர் இலையில் ஒரு அதிரசத்தை வைப்பாள்.

"இந்தாங்க மாப்ள, நாப்பது கிராம். துணி நீக்கி."